சேற்றைத் தோண்டி எறியும் முன்பு: கண்மாய்ச் சீரமைப்புத் திட்டத்தாருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் கண்மாயைச் சீரமைக்கத் திட்டம் வகுத்த அதிகாரிகளுக்கும், அதற்காகப் பறவைக் கணக்கெடுத்துக் கொடுத்த ஆலோசகர்களுக்கும்,

உங்கள் திட்ட அறிக்கையில் பறவைகளுக்கு ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு பத்தி. “அரிய இனங்கள் எதுவும் காணப்படவில்லை” என்று அது முடிகிறது. அந்த வரியை நம்பித்தான் உள்வாய் (கரைக்கு எதிர்ப்பக்கத்தில் உள்ள ஆழமற்ற நீர்ப்பரப்பு) முழுவதையும் 2 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டுவது, நாற்புறமும் கடுஞ்சரிவாகக் கரை எழுப்பி, அலை அரிக்காதபடி அலைக்கல் பதிப்பது, சுற்றிலும் விளக்குப் போட்ட நடைபாதை, நடுவில் மரம் நட்ட தீவு, படகுத்துறை என்றெல்லாம் முடிவாகியிருக்கிறது. வேலை சித்திரையில் தொடங்கும் என்கிறது அறிவிப்பு. அந்த வரி தவறு. அதை நம்பி எடுத்த முடிவும் தவறு.

முதலில் கணக்கெடுப்பு. அது நடந்தது மே மாதத்தில், ஒரே நாளில், முற்பகல் 11 மணிக்கு மேல், கரைமேல் நின்றபடி. சைபீரியாவின் வடகோடியில் முட்டையிடும், சேற்றில் மேயும் சிறு பறவைகளான உள்ளான்கள் ஆகஸ்ட் கடைசியில் இங்கே இறங்கத் தொடங்குகின்றன. மார்ச், ஏப்ரலில் புறப்பட்டுவிடுகின்றன. மே மாதத்தில் அவற்றைத் தேடுவது அறுப்பு முடிந்த வயலில் கதிர் எண்ணுவதற்குச் சமம். நேரமும் பொருந்தவில்லை. வெயில் ஏறியதும் சேற்றின்மேல் கானல் எழும். நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் பறவையின் அலகு நெளியும், காலின் நிறம் மங்கிவிடும். காலை 9 மணிக்குள் பார்த்தால்தான் பார்த்ததை நம்பலாம்.

நின்ற இடத்தையும் சொல்ல வேண்டும். நம் பகுதியில் நிலம் கிழக்கு நோக்கிச் சரிவதால் பெரும்பாலான கண்மாய்களுக்குக் கரை கிழக்கில் இருக்கிறது. விடிந்ததும் கரைமேல் நின்றால் வெயில் முதுகில் விழும். பறவை பார்க்க அதைவிட நல்ல ஒளி கிடையாது. ஆனால் கரையை ஒட்டித்தான் நீர் ஆழம். சேறும் ஆழமற்ற நீரும் எதிர்ப்பக்கத்தில், உள்வாயில் இருக்கின்றன. அங்கே மேயும் கொசு உள்ளானின் நீளம் 13 சென்டிமீட்டர் அளவு, எடை 25 கிராம் அளவு. அரைக் கிலோமீட்டர் தள்ளி நின்று 8 மடங்கு இருகண்நோக்கியால் பார்த்தால் அது நகரும் புள்ளி, அவ்வளவுதான். முக்காலியில் ஏற்றிய 20 முதல் 60 மடங்குத் தொலைநோக்கி வேண்டும். இல்லையென்றால் உள்வாய்ப் பக்கம் சுற்றிப் போய், வரப்பில் உட்கார்ந்து, பறவைகள் தாமாக நெருங்கி வரும்வரை அசையாமல் இருக்க வேண்டும்.

உங்கள் அட்டவணையில் “உள்ளான் வகைகள்” என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. அரிய பறவைகள் காணாமல் போன இடம் அதுதான். அரிய உள்ளான் தனியாக வந்து நிற்பதில்லை. சாதாரண உள்ளான்களின் கூட்டத்துக்குள், அவற்றைப் போன்ற நிறத்தில், அவற்றோடு சேர்ந்து மேயும். கூட்டமாக எண்ணி முடித்தவருக்கு அது கண்ணில் படவே படாது. சாதாரணப் பறவையை எல்லா வெளிச்சத்திலும் எல்லாக் கோணத்திலும் பார்த்துப் பழகிய பிறகுதான் “இது வேறு” என்று கண் சொல்லும்.

கொசு உள்ளான்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கால். கறுத்த கால் என்றால் பெரும்பாலும் இங்கே ஏராளமாக வரும் சாதாரணக் கொசு உள்ளான். மஞ்சளோ பச்சையோ கலந்த கால் என்றால் அது டெம்மிங்க் கொசு உள்ளானாகவோ நீளவிரல் கொசு உள்ளானாகவோ இருக்கலாம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: சேறு பூசிக் காய்ந்த கால், எந்த இனத்துக்கும் சாம்பல் நிறமாகவே தெரியும். பறவை நீருக்குள் இறங்கிக் காலைக் கழுவும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு முதுகு. டெம்மிங்கின் முதுகு கோலமில்லாத மங்கிய சாம்பல். பறக்கும்போது வாலின் இரு ஓரமும் வெள்ளை. கூட்டத்தை விட்டு விலகிப் புல்லோரத்தில் மேயும். நீளவிரலுக்கு முதுகில் செதில் செதிலாகப் பழுப்புக் கோலம், தெளிவான வெண்புருவம், மிரண்டால் கழுத்தை நீட்டி நிமிர்ந்து நிற்கும் பழக்கம். எங்கள் உள்வாயில் தை, மாசியில் இரண்டும் மேய்கின்றன. செங்கழுத்துக் கொசு உள்ளான் வேறு விதம். குளிர்காலத்தில் அதன் கழுத்தில் சிவப்பே இருக்காது; சாதாரணக் கொசு உள்ளானிலிருந்து அதைப் பிரிப்பது தேர்ந்தவர்களுக்கே கடினம். நெருக்கமான, தெளிவான படங்கள் இல்லாமல் அந்தப் பெயரை எழுதக் கூடாது. “இனம் தெரியவில்லை” என்று எழுதுவதில் குறை ஒன்றுமில்லை. தெரியாததை “இல்லை” என்று எழுதியதுதான் உங்கள் அறிக்கையின் குறை.

சற்றுப் பெரியவற்றில் நுனி வளைந்த அலகுள்ள மூன்றைக் குழப்பிக்கொள்வார்கள். கர்லியூ சாண்ட்பைப்பர் கடலோரத்தில் ஆயிரக்கணக்கில் வரும். பறக்கும்போது வாலுக்கு மேலே முழு வெள்ளை. டன்லின் தென்னகத்தில் அரிது. அதே இடத்தில் நடுவே ஒரு கருங்கோடு ஓடும், காலும் குட்டை. அகல அலகு உள்ளானின் புருவக்கோடு இரண்டாகப் பிளந்திருக்கும். அலகு நேராக வந்து நுனியில் மட்டும் சட்டென்று கீழே மடியும். பட்டைவால் மூக்கன்களுக்கு நடுவே ஆசிய டவிட்சர் நின்றால் அலகைப் பார்க்க வேண்டும். மூக்கனின் அலகு அடியில் இளஞ்சிவப்பு, நுனி லேசாக மேல்நோக்கி வளையும். டவிட்சரின் அலகு முழுக்கக் கறுப்பு, நேர், நுனி தடித்திருக்கும்; தையல் இயந்திரத்தின் ஊசி போல ஒரே இடத்தில் மேலும் கீழும் குத்திக்கொண்டே இருக்கும். படம் எடுத்தால் நிற்கும் படம் மட்டும் போதாது. சிறகை விரித்த படமும், வாலடி தெரியும் படமும் வேண்டும். புத்தகத்தைத் திறக்கும் முன்பே கண்டதைக் குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். படத்தைப் பார்த்த பிறகு எழுதினால், பறவையில் இல்லாத அடையாளமும் குறிப்பில் சேர்ந்துவிடும்.

கரண்டிமூக்கு உள்ளானைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலகில் இன்று எஞ்சியிருப்பது சில நூறு. முன்பு கோடியக்கரையில் பதிவானது. அதன் கரண்டி பக்கவாட்டில் தெரியாது. சற்றே தடித்த சாதாரண அலகாகத்தான் தோன்றும். நேர் எதிரே திரும்பும்போதுதான் நுனி விரிந்திருப்பது புலப்படும். நெற்றியும் மார்பும் மற்ற கொசு உள்ளான்களைவிடப் பளிச்சென்ற வெள்ளை. அது கடலோரச் சேற்றுப் பறவை. எங்கள் கண்மாய்க்கு வந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படி ஒன்று நடுவில் நின்றிருந்தாலும் உங்கள் கணக்கெடுப்பில் “உள்ளான் வகைகள்” என்ற வரிக்குள் அடங்கிப் போயிருக்கும் என்றுதான் சொல்கிறோம்.

இனி, அவை ஏன் இங்கே வருகின்றன என்பது. நீர் நிறைந்திருந்தால் பறவை வரும் என்று அறிக்கை நம்புகிறது. பாதி இனங்களுக்கு அது தலைகீழ் உண்மை. கொசு உள்ளானின் அலகு 2 சென்டிமீட்டருக்குள், காலும் ஏறத்தாழ அதே அளவு. ஈரச்சேற்றிலும் விரல் நனையும் நீரிலும்தான் அதனால் மேய முடியும். பவளக்காலிக்கும் பச்சைக்காலிக்கும் ஒரு சாண் நீரே அதிகம். நெடுங்கால் உள்ளானுக்கு ஒரு சாண்வரை. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் ஆகியவை தலையைக் கவிழ்த்து அடிமண்ணைத் தொட வேண்டும். முழங்கால் அளவு நீருக்கு மேல் போனால் எட்டாது. மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும் நடந்தபடி அலகை நீருக்குள் துழாவுபவை. 2 மீட்டர் நீரில் மேயக்கூடியவை நீர்க்காகம், முக்குளிப்பான், நாமக்கோழி, கூழைக்கடா போன்ற சில. அவையும் வேண்டியவைதான். ஆனால் கண்மாய் முழுவதும் ஒரே ஆழமானால் மிஞ்சுவது அவை மட்டும்தான்.

ஆழத்தைவிட முக்கியம் சரிவு. மாசி வெயிலில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். எங்கள் உள்வாயின் சரிவு ஏறக்குறைய 50 மீட்டருக்கு 1 மீட்டர். அப்படியானால் ஒவ்வொரு நாளும் நீர் 30 சென்டிமீட்டர் பின்வாங்கும். ஒரு கிலோமீட்டர் ஓரத்தில் தினமும் 300 சதுர மீட்டர் புதுச்சேறு வெளிப்படும். நீங்கள் திட்டமிட்டிருக்கும் கரையின் சரிவு 2 மீட்டருக்கு 1 மீட்டர். அதே ஆவியாதலில் நீர் பின்வாங்குவது 1.2 சென்டிமீட்டர், ஒரு கிலோமீட்டருக்கு 12 சதுர மீட்டர். அதுவும் சேறு அல்ல, அலைக்கல். 300 எங்கே, 12 எங்கே!

அந்தப் புதுச்சேறு ஏன் தினமும் வேண்டும் என்றால், உணவு அதன் மேல் அடுக்கில் இருக்கிறது. கொசுவைப் போலத் தோன்றும், கடிக்காத ஒரு பூச்சியின் செம்புழுக்கள் மேல்மண்ணில் ஒரு விரல் நீளத்துக்குள்ளேயே வாழ்கின்றன. நேற்றைய சேறு இன்று காயத் தொடங்கிவிடும். புழு ஆழம் போய்விடும் அல்லது செத்துவிடும். நாளைய சேறு இன்று நீருக்கடியில் இருக்கிறது. நீர் மெல்ல இறங்க இறங்க, பந்தியில் இலைபோட்டுக்கொண்டே போவது போல உணவு திறந்துகொண்டே போகிறது. வடக்கே திரும்பும் முன் பங்குனியில் உள்ளான்கள் உடல் எடையை ஒன்றரை மடங்குவரை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறப்பதற்கு அந்தக் கொழுப்புத்தான் எரிபொருள்.

இந்தப் பந்தியை விரித்தது எந்த வனத்திட்டமும் அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைத்து, தை முதல் மடை திறந்து வயலுக்குப் பாய்ச்சி, பங்குனிக்குள் உள்வாயைக் காயவிட்ட பாசன முறைதான் அது. மடைக்காரர் மடையைத் திறந்த ஒவ்வொரு முறையும் அறியாமலே உள்ளானுக்கும் இரை வைத்தார். படகு விடுவதற்காக ஆண்டு முழுவதும் ஒரே மட்டத்தில் நீரைத் தேக்கினால் அந்த முறை செத்துவிடும். வேடந்தாங்கல் ஒரு பாசன ஏரி என்பதை மறந்துவிட வேண்டாம். பறவைகளைக் காக்கும் உரிமையை அந்த ஊர்க்காரர்கள் 1798இலேயே அன்றைய கலெக்டரிடம் எழுதி வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கண்ட கணக்கு.

தீவைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாத் தீவும் பறவைக்கு உதவாது. கொக்கும் நாரையும் கூடுகட்டக் கருவேலமோ நீர்க்கடம்போ நின்ற திட்டு வேண்டும். அதைச் சுற்றி, குஞ்சுகள் பறக்கும்வரை ஓர் ஆள் இடுப்பளவுக்குக் குறையாமல் நீர் நிற்க வேண்டும். நீர் வற்றினால் நாயும் நரியும் நடந்தே போய்விடும். தாய்ப்பறவைகள் கூட்டோடு கைவிட்டுப் போகும். ஆலாவுக்கும் உப்புக்கொத்திக்கும் தேவை நேர் எதிர்: நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, மரமோ புதரோ இல்லாத மொட்டைத் திட்டு. அங்கே ஒரு வேப்பமரம் நட்டால் காகத்துக்கு உட்காரக் கிளை கிடைக்கும், ஆலாவின் முட்டை மிஞ்சாது. உங்கள் வரைபடத்தில் உள்ள தீவு, அலைக்கல் பதித்து, பூச்செடி வைத்து, பாலம் போட்டது. இரு வகைக்கும் அது பயன்படாது.

சம்பும் கோரையும் குப்பை என்று முழுக்க வழிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். முழுக்க மூடினாலும் கெடுதல், முழுக்க வழித்தாலும் கெடுதல். பாதிக்குப் பாதி, நீரும் கோரையும் திட்டுத்திட்டாகக் கலந்து நிற்கும்போதுதான் குருகு, கானாங்கோழி, இலைக்கோழி போன்ற ஒளிந்து வாழும் இனங்கள் தங்கும். அவை கோரையின் நடுவில் அல்ல, கோரையும் நீரும் சந்திக்கும் ஓரத்தில் மேய்பவை. வாய்க்கால் போல வளைந்து வளைந்து வழித்தால் அந்த ஓரம் நீளும்.

வேலை தொடங்கும் மாதமே எங்களை அதிகம் கலங்கவைக்கிறது. சித்திரையில் கண்மாய் காய்ந்து கிடக்கும், பொக்லைன் இறங்கத் தோது என்பது ஒப்பந்தக்காரர் கணக்கு. அதே காய்ந்த தரையில்தான் நெடுங்கால் உள்ளான், ஆள்காட்டி, உப்புக்கொத்தி, ஆலா எல்லாம் வெறும் குழியில் முட்டையிடுகின்றன. முட்டையின் நிறம் மண்ணின் நிறம். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் தெரியாது. அடைகாக்க மூன்றரை வாரம், குஞ்சு பறக்க இன்னும் நான்கு வாரம். ஏறக்குறைய இரண்டு மாதம் சக்கரம் ஏறாமல் இருந்தால்தான் ஒரு கூடு பிழைக்கும். ஆள்காட்டி தலைக்கு மேல் கத்திச் சுற்றினால் காலடியில் எங்கோ முட்டை இருக்கிறது என்று பொருள். அதையாவது ஓட்டுநர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

நீர்க் கொள்ளளவு கூட வேண்டும் என்ற உங்கள் நோக்கத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. விவசாயிகளுக்கு நீர் வேண்டும். ஆனால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். உள்வாயில் 10 ஹெக்டேரை 30 சென்டிமீட்டர் தோண்டினால் கூடுவது 30,000 கன மீட்டர். கரையோரத்தில் 2 ஹெக்டேரை 1.5 மீட்டர் தோண்டினாலும் கூடுவது அதே 30,000 கன மீட்டர்தான். பின்னதில் தொடும் பரப்பு ஐந்தில் ஒன்று; பரப்பு குறைந்த ஆழமான நீர் ஆவியாவதும் குறைவு. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டித் தேக்கும் நீர் தானாக வயலுக்குப் பாயாது என்பதை உங்கள் பொறியாளர்கள் எங்களைவிட நன்கு அறிவார்கள். கடலுக்கு அருகில் உள்ள கண்மாயில் அடிக்களிமண்ணை உடைத்தால் உப்புநீர் மேலே வரும் ஆபத்தும் உண்டு.

சட்டத்தையும் பார்த்துவிட்டோம். 2017ஆம் ஆண்டின் சதுப்புநில விதிகள், பாசனத்துக்காகக் கட்டப்பட்ட நீர்நிலைகளுக்குப் பொருந்தாது என்ற பதிலைத் தருவீர்கள். விதி கட்டாயப்படுத்தவில்லை என்பது, பாழாக்க அனுமதி தருகிறது என்று ஆகாது. கழுவேலியும் நஞ்சராயன் குளமும் 2024இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. நஞ்சராயன் குளமும் பாசனத்துக்காக இருந்த நீர்நிலைதான்.

நாங்கள் கேட்பவை இவை.

சித்திரையில் தொடங்கும் வேலையை நிறுத்திவையுங்கள். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை மாதம் இருமுறை, காலை 6 முதல் 9 மணிக்குள், உள்வாய்ப் பக்கத்திலிருந்து, தொலைநோக்கியோடு, இனவாரியாகக் கணக்கெடுக்கச் செய்யுங்கள். பிரித்தறிய முடியாதவற்றை அப்படியே குறிப்பிட்டு, படங்களோடு பொதுவில் வையுங்கள். ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் இந்தக் கண்மாயைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆள் பலத்துக்கு நாங்கள் பொறுப்பு.

தூர்வாருவதைக் கரையோரப் பகுதிக்கு மட்டும் சுருக்குங்கள். உள்வாயின் சரிவில் கை வைக்காதீர்கள். அங்கே வண்டல் எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மட்டும், முட்டையிட்ட கூடுகள் இல்லை என்று நடந்து பார்த்து உறுதி செய்த பிறகு எடுங்கள். அலைக்கல் பிரதான கரையோடு நிற்கட்டும்.

நடைபாதையும் அந்தக் கரையோடு நிற்கட்டும். உள்வாயைச் சுற்றி வேண்டாம், விளக்கே வேண்டாம். இரவில் மேயும் பறவைகளுக்கு வெளிச்சம் இடைஞ்சல். சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகச் சுற்றுவட்டார மக்கள் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. எங்கள் ஊரும் மாலை 6 மணிக்கு மேல் கரையில் நடக்காமல் இருக்கச் சம்மதிக்கும். படகுத்துறையை முற்றிலும் கைவிடுங்கள்.

தீவுக்கு ஒதுக்கிய பணத்தில் இரண்டு திட்டுகள் அமையுங்கள்: ஆழமான பக்கத்தில் கருவேலம் நட்ட ஒன்று, உள்வாயில் ஒரு சாண் உயர மொட்டைத் திட்டு ஒன்று. சீமைக்கருவேலத்தை வெட்டும் முன் அதில் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், புதிதாக நட்ட மரம் கூடு தாங்கும் அளவு வளரும்வரை அதை விட்டுவையுங்கள்.

மடை திறப்பு அட்டவணையை விவசாயிகளோடு உட்கார்ந்து எழுதுங்கள். தை முதல் பங்குனி வரை நீர் ஒரே நாளில் வடியாமல், சிறிது சிறிதாக இறங்கும்படி அது அமைய வேண்டும்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதைப் பங்குனி முடிவதற்குள் எழுத்தில் தாருங்கள். பொக்லைன் உள்வாயில் இறங்கும் முன்பு ஒருநாள் காலை ஆறு மணிக்கு வாருங்கள். தொலைநோக்கியை நாங்கள் கொண்டுவருகிறோம்.